பதினாறே கோல்கள்: பர்ன்லியின் 2024-25 பருவம்

அரக்குநீலம், காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பில் பர்ன்லி அணி 46 ஆட்டங்கள் ஆடி எதிரணிகளிடம் 16 கோல்களை மட்டுமே வாங்கியது. 28 வெற்றி, 16 டிரா, 2 தோல்வி என்று 100 புள்ளிகள் எடுத்தும், போட்ட கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள கோல் வித்தியாசத்தில் கோப்பையை லீட்ஸ் அணியிடம் விட்டது. அந்தப் பருவம் 2025 மே மாதத்தில் முடிந்தது. முதல் இரண்டு இடங்களுக்கும் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக் நேரடியாகக் கிடைக்கும் என்பதால் பர்ன்லி மேலேறியது. ஆனாலும் அந்தப் பருவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'சலிப்பான ஆட்டம்' என்ற ஒரே சொல்லில் அதை மூடிவிடுகிறார்கள் என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம் தருகிறது. பள்ளிக் காலத்தில் ஏழு ஆண்டுகள் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றவன் என்ற உரிமையில் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

30 ஆட்டங்களில் பர்ன்லி ஒரு கோல்கூட வாங்கவில்லை. மீதமுள்ள ஆட்டங்கள் 16, வாங்கிய கோல்களும் 16. எந்த ஒரு லீக் ஆட்டத்திலும் இரண்டாவது கோலை அவர்கள் வாங்கவே இல்லை என்பதுதான் இதற்குப் பொருள். ஆகஸ்டிலிருந்து மே வரை, மழையிலும் பனியிலும், வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்ற நெருக்கடியிலும், ஒரு கோல் வாங்கிய பிறகு மனம் உடைந்து அடுத்ததையும் வாங்கிய நாள் ஒன்றுகூட இல்லை. கோல் கீப்பராக நின்ற எவருக்கும் இது எவ்வளவு அரியது என்று தெரியும். முதல் கோல் விழுந்த அடுத்த ஐந்து நிமிடம்தான் ஒரு அணியின் உண்மையான முகம் தெரியும் நேரம். அந்த நேரத்தை இந்த அணி பதினாறு முறையும் கடந்திருக்கிறது. இதை ஒரு சாதனையாகக்கூட எண்ணாமல் கடந்துபோவது நியாயமா?

கண்டனூர் முன்களம்

அண்ணே, உங்கள் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் நான் எப்போதும் முன்களத்தில் ஆடியவன், என் வருத்தத்தையும் கேளுங்கள். லீட்ஸ் 95 கோல் போட்டது, பர்ன்லி போட்டது 69. இரண்டு அணிகளும் 100 புள்ளிகளில் நின்றபோது, கோல் வித்தியாசத்தில் லீட்ஸ் 65, பர்ன்லி 53. லீட்ஸ் 30 கோல் வாங்கியும் கோப்பை அவர்களுக்குத்தான் போனது. பயிற்சியாளர் டேனியல் ஃபார்க்கேயின் லீட்ஸ் அணி கூடுதலாகப் போட்ட 26 கோல்கள், நீங்கள் கொண்டாடும் தடுப்பாட்டம் மிச்சப்படுத்திய 14 கோல்களை விழுங்கிவிட்டன.

அந்த 16 டிராக்களையும் பாருங்கள். அவற்றில் ஒன்றே ஒன்றை வெற்றியாக்கியிருந்தால் கோப்பை பர்ன்லியின் கையில் இருந்திருக்கும். தோற்காமல் இருப்பதற்கே பழகிய அணிக்கு, வெல்ல வேண்டிய நேரத்தில் ஆளை முன்னே அனுப்பும் துணிவு குறைந்துவிடுகிறது என்பது என் கருத்து. 2022-23இல் இதே பர்ன்லி, வின்சென்ட் கொம்பனியின் பயிற்சியில் 87 கோல் போட்டு, மூன்றே தோல்விகளுடன் 101 புள்ளி எடுத்து இதே லீக்கை வென்றது. அந்த ஆட்டத்தைப் பார்ப்பதற்காக நான் தூக்கத்தை விட்டிருக்கிறேன். 2024-25இன் பயிற்சியாளர் ஸ்காட் பார்க்கரின் அணிக்காக அப்படி விழித்திருக்க எனக்கு மனம் வரவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை.

அரக்குநீலம், காரைக்குடி

தம்பி, கொம்பனியின் அந்தப் பருவத்தை நானும் நேசித்தேன். ஆனால் அதன் தொடர்ச்சியையும் சேர்த்துத்தானே பேச வேண்டும். அதே முறையில் பிரீமியர் லீக்கில் ஆடிய 2023-24இல் பர்ன்லி 78 கோல் வாங்கியது, 24 புள்ளிகளுடன் 19ஆம் இடத்தில் முடித்துக் கீழிறங்கியது. அதற்குப் பிறகு கொம்பனி பயர்ன் மியூனிக்குக்குப் போய்விட்டார். 2024 ஜூலையில் பார்க்கர் வந்தபோது அவர் கையில் கிடைத்தது, வாரந்தோறும் தோற்றுப் பழகிய ஓர் அணி. அந்த அணியும் கோடை முடிவதற்குள் கலைந்தது. ஓடோபர்ட் டோட்டனமுக்கும், சாண்டர் பெர்கே ஃபுல்ஹமுக்கும், டாரா ஓஷே இப்ஸ்விச்சுக்கும் போனார்கள்.

கோல் கீப்பர் ஜேம்ஸ் டிராஃபோர்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். இருபத்தொரு வயதில் பிரீமியர் லீக்கில் வாராவாரம் கோல் வாங்கி, பருவத்தின் கடைசிப் பகுதியில் அணியின் இன்னொரு கீப்பரான முரிச்சுக்கு இடத்தைப் பறிகொடுத்து, வெளியே உட்கார்ந்திருந்த பையன் அவர். கோல் கீப்பரின் தவறு மட்டும் மைதானத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். முன்கள வீரர் ஐந்து வாய்ப்புகளை வீணடித்து ஆறாவதைக் கோலாக்கினால் மாலை போடுவார்கள், கீப்பர் ஐந்தைப் பிடித்து ஆறாவதை விட்டால் அந்த ஆறாவதுதான் பேச்சாக இருக்கும். முரிச் இப்ஸ்விச்சுக்குப் போன பிறகு அந்த இடம் டிராஃபோர்டுக்குத் திரும்பி வந்தது. அடுத்த மே மாதத்தில் அவர் இங்கிலாந்து லீக் வரலாற்றிலேயே மிகக் குறைவாகக் கோல் வாங்கிய 46 ஆட்டப் பருவத்தின் கோல் கீப்பர்.

தேவகோட்டை ஆசிரியர்

இருவருக்கும் வணக்கம். ஒரு சிறு திருத்தம் சொல்ல அனுமதியுங்கள். 78 கோல் வாங்கியது பிரீமியர் லீக்கில், 16 கோல் வாங்கியது அதற்குக் கீழே உள்ள லீக்கில். ஹாலண்டுக்கும் சாலாவுக்கும் எதிராக நின்ற தடுப்பு வரிசையையும் சாம்பியன்ஷிப் முன்கள வீரர்களுக்கு எதிராக நின்ற வரிசையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஒப்பிட வேண்டுமானால் வேறு பருவங்களோடு ஒப்பிடுவோம்.

46 ஆட்டப் பருவத்தில் இதற்கு முன்பு இருந்த குறைந்த அளவு, நான்காம் நிலை லீக்கில் கில்லிங்கம் 1995-96இல் வாங்கிய 20 கோல்கள். முதல் நிலை லீக்கில் லிவர்பூல் 1978-79இல் 42 ஆட்டங்களில் 16 கோல்களும், செல்சி 2004-05இல் 38 ஆட்டங்களில் 15 கோல்களும் வாங்கின. ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் செல்சிக்கு 0.39, லிவர்பூலுக்கு 0.38, பர்ன்லிக்கு 0.35. லீக்கின் நிலை வேறு என்பதை முழுவதும் ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: இவ்வளவு நீண்ட பருவத்தில் இந்த விகிதத்தை அதற்கு முன் இங்கிலாந்தில் யாரும் காக்கவில்லை. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை தொடர்ச்சியாக 12 லீக் ஆட்டங்களில் ஒரு கோலும் வாங்காமல் இருந்தார்கள். கார்டிஃப் அணிதான் அந்தத் தொடரை முடித்து வைத்தது, அந்த ஆட்டத்தையும் பர்ன்லியே 2-1 என்று வென்றது.

கண்டனூர்த் தம்பி 'துணிவு குறைந்துவிடுகிறது' என்று எழுதியிருந்தார். இழந்த புள்ளிகளை அந்த நோக்கில் கூட்டிப் பார்த்தேன். இரண்டு அணிகளும் சரியாக 38 புள்ளிகளை இழந்திருக்கின்றன. பர்ன்லி டிராக்களில் 32, தோல்விகளில் 6. லீட்ஸ் டிராக்களில் 26, நான்கு தோல்விகளில் 12. அதாவது துணிந்து ஆடியதற்கும் ஒரு விலை இருந்தது, காத்து ஆடியதற்கும் ஒரு விலை இருந்தது, இந்தப் பருவத்தில் இரண்டும் புள்ளி பிசகாமல் சமமாக வந்திருக்கின்றன.

கண்டனூர் முன்களம்

ஐயா, அந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. ஆனாலும் பார்க்கிறவன் மனம் புள்ளியைக் கூட்டிக்கொண்டிருக்காது என்பதில் மாற்றமில்லை.

பள்ளத்தூர் கணக்கர்

எல்லோரும் ஆட்டத்தையே பேசுகிறீர்கள், பணத்தை ஒருவரும் தொடவில்லையே. பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கும் அணிகளுக்கு 'பாராசூட்' தொகை என்று ஒன்று உண்டு. மேல் லீக்கின் அணிகள் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் ஒளிபரப்பு வருவாயில் முதல் ஆண்டு 55 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு 45 விழுக்காடு, மேலே ஒரு பருவத்துக்கு அதிகமாக இருந்திருந்தால் மூன்றாம் ஆண்டு 20 விழுக்காடு. கீழே காலங்காலமாக இருக்கும் அணிகளுக்கு இந்தத் தொகை கனவிலும் வராது. பர்ன்லிக்கு வந்தது. லீட்ஸுக்கும் வந்தது. மூன்றாவதாக வந்து, 2 புள்ளி அபராதத்துக்குப் பிறகும் 90 புள்ளி எடுத்த ஷெஃபீல்ட் யுனைடெடுக்கும் வந்தது. முதல் மூன்று இடங்களிலும் அந்தப் பணம் பெற்ற அணிகளே இருந்தன என்றால், தடுப்பாட்டத்தின் பெருமையில் ஒரு பங்கை வங்கிக் கணக்குக்கும் கொடுக்க வேண்டும்.

24 அணிகள் ஒரே லீக்கில் ஆடுகின்றன, ஆனால் ஒரே தரையிலிருந்து தொடங்குவதில்லை. இதைச் சொல்லாமல் எந்தப் பருவத்தைப் புகழ்ந்தாலும் அது அரைக் கணக்குதான்.

அரக்குநீலம், காரைக்குடி

ஐயா சொல்வது முழுக்கச் சரி, தொடக்கப் பதிவிலேயே நான் எழுதியிருக்க வேண்டியது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அதே பாராசூட் தொகையைப் பெற்ற லூட்டன் அணி பர்ன்லியோடு சேர்ந்து 2024இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. பருவத்தின் முதல் ஆட்டத்தில் பர்ன்லி அவர்களை அவர்களுடைய மைதானத்திலேயே 4-1 என்று வென்றது. பருவம் முடிந்தபோது லூட்டன் மூன்றாம் நிலை லீக்குக்கு இறங்கிவிட்டது. பணம் இரண்டு அணிகளுக்கும் ஒன்றாகத்தான் வந்தது.

தறிவீட்டுப் பெண், காரைக்குடி

நான் கால்பந்து அதிகம் தெரிந்தவள் அல்ல. என் தம்பி பர்ன்லி, பர்ன்லி என்று சொல்வதைக் கேட்டு அது எந்த ஊர் என்று தேடினேன், அதன் பிறகு விட முடியவில்லை. இங்கிலாந்தின் லங்காஷயரில் பருத்தி நெசவுக்கே பெயர்போன ஊர் அது. நீராவியால் ஓடிய நெசவு ஆலை ஒன்று, குவீன் ஸ்ட்ரீட் மில், அந்த ஊரின் ஓரத்தில் இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. அந்த ஊரின் ஆலைத் துணி நம் ஊர்க் கைத்தறிக்கு என்ன செய்தது என்பதை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. 1927இல் காந்தியடிகள் செட்டிநாட்டு ஊர்களில் கதருக்காகச் சுற்றி வந்ததும் அந்தக் காலத்துக் கதைதான். ஆனால் ஆலையில் நின்று நெய்தவர்கள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை, சனிக்கிழமை வேலை முடிந்து மைதானத்துக்குப் போனவர்கள் அவர்கள்தானே. அணியின் சட்டை அரக்கும் நீலமும் என்று பார்த்தபோது எனக்கு எங்கள் கண்டாங்கியின் அரக்குதான் கண்ணில் நின்றது.

நான் எழுத வந்தது வேறு. ஓர் ஆட்டத்தில்கூட இரண்டாவது கோல் வாங்கவில்லை என்று அண்ணன் எழுதியதைப் படித்தபோது எனக்கு உடனே புரிந்தது. தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால், அந்த இடத்திலேயே தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்ட பிறகுதான் அடுத்த ஊடையை ஓட்டுவோம். அவசரத்தில் விட்டுவிட்டால் பக்கத்து இழையும் தளர்ந்து, துணியில் ஒரு கோடு விழுந்துவிடும், அதை எந்தச் சலவையிலும் மறைக்க முடியாது. அறுந்த இழைக்காக யாரும் நெசவாளியைக் குறை சொல்வதில்லை. அறுந்த பிறகு என்ன செய்தாள் என்பதைத்தான் துணியைக் கையில் எடுக்கிறவர்கள் பார்ப்பார்கள்.

தேவகோட்டை ஆசிரியர்

அம்மா, நீங்கள் சொன்னதை மைதானத்தில் எப்படிச் செய்தார்கள் என்பதை விளக்க முயல்கிறேன். மாக்சிம் எஸ்தேவ், சிஜே ஈகன்-ரைலி ஆகிய இரண்டு இளம் நடுத்தடுப்பாளர்கள், அவர்களுக்கு முன்னால் ஜோஷ் கல்லன், அவரோடு ஜோஷ் லோரண்ட் அல்லது பிரவுன்ஹில். பந்து நடுவழியாக வராது. வந்தாலும் கல்லன் இருக்கும் இடத்தைத் தாண்டாது. ஆகவே எதிரணி பக்கவாட்டில் ஓடி, அங்கிருந்து பந்தை உயர்த்திப் போட வேண்டிவரும், உயரப் பந்து என்றால் எஸ்தேவுக்குப் பிரியம்.

முக்கியமானது பந்து தம்மிடம் இருக்கும்போது அவர்கள் நடந்துகொண்ட விதம். பக்கத் தடுப்பாளர்கள் இருவரும் ஒரே நேரத்தில் முன்னேறுவது அரிது. தாக்குதல் முறிந்து பந்து பறிபோனால் திரும்பி ஓடத் தேவையில்லாத இடத்தில் நான்கைந்து பேர் ஏற்கெனவே நிற்பார்கள். கண்டனூர்த் தம்பிக்குச் சலிப்பாகத் தெரிந்தது இந்த எச்சரிக்கைதான், அதில் எனக்கும் ஓரளவு உடன்பாடு உண்டு. பின்வரிசையில் பந்தை அங்கும் இங்கும் உருட்டிக்கொண்டிருந்த சில மாலைகளில் நானும் பொறுமை இழந்தேன். ஆனால் நவம்பர் 3ஆம் தேதி மில்வாலிடம் 1-0 என்று தோற்ற பிறகு பருவம் முடியும் வரை 33 ஆட்டங்களில் அவர்கள் தோற்கவே இல்லை. அதற்கு முன் இருந்த ஒரே தோல்வியும் ஆகஸ்டில் சண்டர்லாந்திடம் 1-0 என்று வந்ததுதான்.

அரக்குநீலம், காரைக்குடி

சண்டர்லாந்து என்றதும் அந்த இரவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜனவரி 17, வெள்ளிக்கிழமை, சிறாவயல் மஞ்சுவிரட்டுக்கு மறுநாள். பொங்கலுக்கு வந்த உறவினர் கூட்டம் வீடு நிறைய, வளவு முழுக்கப் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் நம் நேரப்படி நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்கு. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகனும் நானும் முகப்புத் திண்ணையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு கைப்பேசியில் பார்த்தோம். டர்ஃப் மூர் மைதானத்தில் 1883இலிருந்து ஆடிவரும் பர்ன்லி அணி, மேலேறும் போட்டியில் நேரடியாக மோதும் அணிகளுள் ஒன்றை எதிர்கொள்கிறது. கோல் இல்லை. எண்பது நிமிடம் தாண்டியும் இல்லை. கடைசி நிமிடங்களில் சண்டர்லாந்துக்குப் பெனால்டி கிடைத்தது. வில்சன் இசிடோர் அடித்தார், டிராஃபோர்ட் தடுத்தார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் குலுக்கினோம். சில நிமிடங்களில் மறுபடியும் பெனால்டி. மறுபடியும் இசிடோர்.

இரண்டாவது பெனால்டி கீப்பருக்கு முதலாவதைவிடக் கடினம் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். முதலாவதில் எதிர்பார்ப்பு ஏதும் இல்லை, அடிப்பவன் மீதுதான் பாரம் முழுவதும். ஒன்றைத் தடுத்த பிறகு அதே ஆள் முன்னால் வந்து நின்றால், அவன் பழைய பக்கத்துக்கே அடிப்பானா, மாற்றுவானா, நான் மாற்றிக்கொள்வேன் என்று எண்ணுகிறானா என்று மூளை சுழல ஆரம்பித்துவிடும். டிராஃபோர்ட் அதையும் தடுத்தார். 0-0. மறுநாள் முடிவை மட்டும் பார்த்தவர்களுக்கு அது இன்னுமொரு கோலில்லாத டிரா, எனக்கு அந்தப் பருவத்திலேயே தலைசிறந்த ஆட்டம். நாங்கள் சத்தம் போட்டதில் ஆச்சி எழுந்துவந்து, திருடன் வந்துவிட்டானோ என்று பயந்தது தனிக் கதை.

கோட்டையூரான், சிங்கப்பூர்

அந்தச் சித்தப்பா மகன் நான்தான். ஆச்சி இன்றும் தொலைபேசியில் அதைக் கேட்கிறார்.

கண்டனூர் அன்பருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஏப்ரல் 21ஆம் தேதி ஷெஃபீல்ட் யுனைடெடை 2-1 என்று வென்று மேலேறுவதை உறுதிசெய்த ஆட்டத்தை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். இரண்டு கோலும் தலைவர் பிரவுன்ஹில் போட்டவை. அடுத்த வாரமே குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை அவர்கள் மைதானத்தில் 5-0 என்று வென்றார்கள். நடுக்கள வீரரான பிரவுன்ஹில் அந்தப் பருவத்தில் போட்ட கோல்கள் 18. துணிவில்லாத அணிக்கு இது கூடுமா?

கடைசி நாளையும் மறக்க வேண்டாம். பர்ன்லி மில்வாலை 3-1 என்று வென்றுகொண்டிருக்க, லீட்ஸ் பிளிமத்தில் 1-1 என்று நின்றது. அப்படியே முடிந்திருந்தால் பர்ன்லி 100, லீட்ஸ் 98. மனோர் சாலமன் கூடுதல் நேரத்தில் போட்ட கோல்தான் கோப்பையை மாற்றியது.

கண்டனூர் முன்களம்

அந்தக் கடைசி நாளைத்தான் நானும் சொல்கிறேன். ஆளை முன்னே அனுப்பி, கடைசி நிமிடத்தில் வெற்றிக்காக முயன்ற அணிக்குக் கோப்பை கிடைத்தது. இதில் என் கருத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் சண்டர்லாந்து ஆட்டத்தை நான் பார்க்கவில்லை, முடிவை மட்டும் பார்த்துச் சலிப்பென்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அதை ஒப்புக்கொள்கிறேன். அதே சண்டர்லாந்து பர்ன்லியைவிட 24 புள்ளி குறைவாக, 76 புள்ளியுடன் நான்காவதாக வந்து, பிளே-ஆஃப் என்ற கூடுதல் ஆட்டங்கள் வழியாக மேலேறியது என்பதை நினைத்தால் புள்ளிக் கணக்கைப் பற்றி நாம் இவ்வளவு நேரம் பேசியதே வியப்பாக இருக்கிறது.

நம் பக்கத்து விஷயம் ஒன்றும் கேட்க வேண்டும். 2018-19இல் சென்னை சிட்டி அணி கோயம்புத்தூரில் ஆடி, 43 புள்ளியுடன், ஈஸ்ட் பெங்காலை ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக்கை வென்றது. பெத்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல் போட்டார். அவர்களுக்கு மேலேற வழியே இல்லாமல் போனது ஏன்?

தேவகோட்டை ஆசிரியர்

அப்போது ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக் தொடரும் ஐ-லீக்கும் அருகருகே நடந்தன, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படி வைக்கப்படவில்லை. ஐ-லீக்கை வென்ற அணி ஐஎஸ்எல்லுக்கு மேலேறும் வழி 2022-23 பருவத்தில்தான் திறந்தது, அப்படி முதலில் மேலேறியது பஞ்சாப் அணி, அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங். சென்னை சிட்டியின் வெற்றி நான்கு ஆண்டுகள் தள்ளி வந்திருந்தால் அதன் பயன் வேறாக இருந்திருக்கும். நம் பிள்ளைகள் கோயம்புத்தூர் வரை பேருந்து பிடித்துப் போய்ப் பார்த்த அணி அது, நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

தறிவீட்டுப் பெண், காரைக்குடி

அரக்குநீலம் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவதாகத் தம்பி சொன்னான். அவனுக்குப் பதின்மூன்று வயது. இதுவரை யாரும் அவனைக் கோல் கீப்பராக நிற்க விட்டதில்லை, உயரம் போதாது என்கிறார்கள். இந்த இழையை நான் அவனுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவது பெனால்டிப் பகுதியை மூன்று முறை படிக்கச் சொன்னான்.

அரக்குநீலம், காரைக்குடி

தங்கச்சி, தாராளமாக அனுப்புங்கள். பதின்மூன்று வயதில் உயரத்தைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆறு மணிக்குத் தொடங்குவோம், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். முதல் மாதம் பாய்ந்து விழ விடமாட்டேன், கால் வைக்கும் முறையும் பந்தை மார்போடு அணைத்துக்கொள்வதும் மட்டும்தான், அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையுறை என்னிடம் இரண்டு ஜோடி இருக்கிறது, இரண்டும் பெரியவர்கள் அளவு. சிங்கப்பூரிலிருந்து அடுத்து யார் வந்தாலும் சிறுவர் அளவில் ஒரு ஜோடி வாங்கி வந்தால் நல்லது. கண்டனூர்த் தம்பியும் வரலாம். பெனால்டி அடிக்க ஓர் ஆள் வேண்டும்.